கால் பார்க்கிற சிஸ்டர்

வந்தவரின் காலணிக்குள் கையை விட்டுத் துழாவி முடித்த பிறகுதான் சுகந்தி "வாங்க, உக்காருங்க" என்பார். அதுவரை வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாள் முழுக்கத் தேயிலைக் காட்டு ஈரத்தில் ஊறிய கம்பூட்ஸ் என்றால் கட்டிய பெண்டாட்டியே இரண்டடி தள்ளித்தான் நிற்பாள். சுகந்தி முழங்கை வரை உள்ளே விட்டு, விரல் நுனியால் அடிப்பாகம், ஓரம், முனை என்று அங்குலம் அங்குலமாகத் தடவுவார். தடவுகிற நேரத்தில் கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு, "ஏனுங், காலைல சாப்ட்டாச்சுங்களா?" என்று குசலமும் விசாரிப்பார்.

உள்ளேயிருந்து என்னவெல்லாமோ வரும். தேயிலை விதை, சரளைக்கல், அடித்தோலைத் துளைத்து எட்டிப் பார்க்கும் ஆணி, ஒருமுறை குழந்தையின் வெள்ளிக் கொலுசுத் திருகாணி. ஃபாக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை பார்க்கும் ஆறுக்குட்டியின் பூட்ஸுக்குள்ளிருந்து பீரோ சாவியே வந்தது. அந்தச் சாவியைக் காணவில்லை என்று அவர் வீட்டில் நாலு நாளாகப் பெரிய சண்டை நடந்து, மச்சினன் மேல் சந்தேகம் போய், பேச்சுவார்த்தையே நின்றிருந்தது. சுகந்தி சாவியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாலு நாளு சாவிய மிதிச்சுட்டு நடந்திருக்கீங்க. ஒண்ணுமே தெரியலீங்களா?"

"இல்லீங்களே சிஸ்டர்."

"அப்ப எனக்கு வேற டெஸ்ட்டே வேண்டாமுங்க. மச்சினன்கிட்ட மாப்புக் கேட்டுட்டு வந்து அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில் கிளை பிரிந்து இறங்கினால் கரடிமட்டம் எஸ்டேட். அங்கே தகரக் கூரை போட்ட இரண்டு அறை டிஸ்பென்சரிதான் சுகந்தியின் ராஜாங்கம். வயது நாற்பத்தொன்பது. காரமடைப் பக்கத்திலிருந்து எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் தரணிதரனைக் கட்டிக்கொண்டு மலையேறி இருபத்துநான்கு வருஷம் ஆகிறது. இன்னும் குளிர் பழகவில்லை. வெள்ளை யூனிஃபார்முக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய் என்று நிற்பார். ஊசி போடுவது, காய்ச்சல் பார்ப்பது, அட்டை கடித்த இடத்தைத் துடைப்பது எல்லாம் செய்வார்தான். ஆனால் அவருடைய உயிர் இருப்பது சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில். அவற்றில் உணர்ச்சி இருக்கிறதா, போய்விட்டதா, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் சுகந்திக்கு அப்படியொரு பித்து. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கால் பார்க்கிற சிஸ்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அவரோடு கல்யாண வீட்டுக்குப் போகத் தரணிதரனுக்குக் கூச்சம். ஊரே மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, சுகந்தி மேடைக்குக் கீழே கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த நீல வாரு செருப்பு ஆருதுங்க? ஒரு பக்கம் மட்டும் இப்புடித் தேஞ்சிருக்குது!" என்று விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்து, பந்தியில் பாயசம் வரும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். திரும்பி வருகிற வழியில் பெண் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இடது குதிகாலில் வெடிப்பு இருப்பது தெரியும்.

மற்ற ஊரில் இந்த வேலை இவ்வளவு கஷ்டமில்லை. மலையில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் கால் மரக்கும். மார்கழியில் காலையில் எழுந்து தரையில் காலை வைத்தால் அது நம் கால்தானா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் "கால் மரத்துப்போச்சுங்க" என்று சொன்னால், "எனக்குந்தான்" என்று எதிராளி டீயை உறிஞ்சுவார். சர்க்கரை நோய் இந்தக் குளிருக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டு நரம்பைத் தின்னும். பத்து வருஷம் குளிர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு, கடைசியில் புண்ணோடு வந்து நிற்பவர்கள் உண்டு. அப்படி ஒரு கொப்புளத்தில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டிவந்த இரண்டு பேரைச் சுகந்திக்குத் தெரியும். அவர்களைப் பற்றி அதிகம் பேச மாட்டார். பேச்சு வந்தால் எழுந்துபோய் எதையாவது கழுவுவார்.

குளிருக்கு மரத்த காலா, சர்க்கரைக்கு மரத்த காலா என்று பிரித்துப் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். முதலில் காலைச் சூடேற்றுவது. பெரிய பிளாஸ்டிக் டப்பில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் பத்து நிமிஷம். சூட்டைச் சரிபார்ப்பது சுகந்தியின் முழங்கைதான். நோயாளியைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, உணர்ச்சியற்ற காலைக் கொதிநீரில் வைத்துவிட்டு "நல்லா எதமா இருக்குதுங்க" என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பிறகு துண்டால் ஒற்றி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, அதற்கப்புறம்தான் சோதனை.

தண்ணீர் சுடவைப்பது உதவியாளர் இசக்கியம்மாவின் பொறுப்பு. அவருக்கு இதில் தீராத மனத்தாங்கல். "டிஸ்பென்சரி வேலன்னு சொல்லிக் கூட்டியாந்தாவ. இங்க வந்து பாத்தா ஊர்ல உள்ளவன் காலையெல்லாம் குளிப்பாட்டிக்கிட்டுக் கெடக்கேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிக்கொண்டே அடுத்த குண்டானை ஏற்றுவார்.

சோதனைக் கருவி என்னவோ பிரமாதம் ஒன்றுமில்லை. கைப்பிடியில் செருகிய ஒரு நைலான் இழை. மீன்பிடிக்கிற தூண்டில் நரம்பு போல இருக்கும். பாதத்தில் வைத்து அது லேசாக வளையும் அளவுக்கு அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் தெரிந்தால் பாதுகாப்பு உணர்ச்சி இருக்கிறது, தெரியாவிட்டால் போய்விட்டது. முதலில் கையில் தொட்டுக் காட்டுவார். பிறகு கண்ணை மூடச் சொல்வார். "தொட்டா 'ஆமா'ங்கோணும். தொடலீன்னா வாய மூடிட்டு இருக்கோணும். எட்டிப் பாக்கப்படாது. பாத்தீங்கன்னா மறுக்கா மொதல்ல இருந்து" என்று சட்டத்தை வாசிப்பார்.

இதிலும் கள்ளாட்டம் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபீல்டு சூப்பர்வைசர் அருள்ராஜ் அப்படி ஒருவர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு விநாடிக்கு ஒருதரம் "ஆமா... ஆமா... ஆமா..." என்று தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சுகந்தியின் குரல் கேட்டது.

"அருளண்ணா, கண்ணத் தொறங்க. ரொம்ப நேரமா நான் என்ற காதைச் சொறிஞ்சுட்டிருக்கறேனுங்க."

டிஸ்பென்சரியே சிரித்தது. அருள்ராஜும் சிரித்தார், ஆனால் முகம் வெளிறியிருந்தது. யாரும் விளையாட்டுக்குப் பொய் சொல்வதில்லை என்று சுகந்திக்குத் தெரியும். எதற்காவது பயந்துதான் சொல்கிறார்கள். பைக் ஓட்டக் கூடாது என்பார்களோ, சரிவில் ஏறக் கூடாது என்று ஆபீஸுக்கு எழுதிவிடுவார்களோ என்று பயம். அதனால் இழையால் தொடுகிற நேரத்தைவிட, தொடாமல் சும்மா இருக்கிற நேரத்தில்தான் சுகந்தி கவனமாகக் கேட்பார்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாப்பம்மாள் தன் வீட்டுக்காரரை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் கருணாகரன். பஸ் நிறுத்தத்தில் வர்க்கி பேக்கரி வைத்திருப்பவர். ஐம்பத்தேழு வயது, பதினோரு வருஷச் சர்க்கரை. "வர்க்கியில என்னங்க இருக்குது? காத்துத்தான். காத்தத் தின்னா சக்கரை ஏறுமுங்களா?" என்று சொல்லிச் சொல்லியே சர்க்கரையை முந்நூறுக்கு ஏற்றி வைத்திருப்பவர்.

"ஏனுங் சிஸ்டர், இவுரு நேத்து ஒத்தச் செருப்போட ஊடு வந்து சேந்தாருங்க. இன்னொண்ணு எங்கீங்கன்னா, 'அட, ஆமா'ங்கறாரு. திரும்பிப் போயிப் பாத்தா, பாலத்துக்கிட்டயே கழண்டு கெடக்குது. அரை மைலு ஒத்தச் செருப்போட நடந்திருக்காருங்க!"

"யோசனையில வந்தனுங்க" என்றார் கருணாகரன் கம்பீரமாக. "நோம்பி வருதில்லீங்களா. ஆயிரம் சோலி."

நோம்பி என்றால் கரடிமட்டம் மாரியம்மன் திருவிழா. அதில் கருணாகரன் சாதாரண ஆள் இல்லை. குண்டம் இறங்குகிறவர்களில் முதல் ஆள் அவர்தான். பூசாரி கனல் மேல் பூச்செண்டை உருட்டிவிட்டதும், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அந்தத் தணல் படுக்கையில் முதல் அடி வைக்கிற உரிமை ஏழு வருஷமாக அவருடையது. முதல் நாலு வருஷம் மற்றவர்களைப் போலத்தான் ஓடினார். கொப்புளம் வரும், பாப்பம்மாள் கற்றாழைச் சோறு தடவுவார். ஐந்தாவது வருஷத்திலிருந்து நிலைமையே மாறிவிட்டது. மற்றவர்கள் விழுந்தடித்து ஓட, கருணாகரன் நடந்தார். அடுத்த வருஷம் நிதானமாக நடந்தார். போன வருஷம் குண்டத்தின் நட்டநடுவில் நின்று, அம்மனைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அப்புறம் நடந்தார். கூட்டம் குலவையிட்டது. அம்மன் அவர் பாதத்தில் குளுமையை வைத்துவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. அன்றிலிருந்து கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட டிஸ்பென்சரிக்கு வருவதற்கு முன் பேக்கரிக்குப் போய் அவர் கையால் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். சுகந்திக்கு இதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டப்பில் பத்து நிமிஷம் ஆயிற்று. காலைத் துடைத்தார்கள். கருணாகரன் ஸ்டூலில் சாய்ந்து, கண்ணை மூடி, அம்மனை நினைத்துக்கொண்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். சுகந்தி பெருவிரலில் தொட்டார். இழை வளைந்தது. சத்தமில்லை. அடுத்த விரல். பாதத்தின் மேடு. நடுப்பகுதி, குதிகால். ஒரு காலில் பத்து இடம், மறு காலில் பத்து இடம். அறையில் இசக்கியம்மாவின் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்நேரமுங்க கண்ண மூடிட்டே இருக்கறது?" என்றார் கருணாகரன். "ஆரம்பிங்க சிஸ்டர்."

"முடிஞ்சுதுங்கண்ணா" என்றார் சுகந்தி.

அவர் கண்ணைத் திறந்து பாப்பம்மாளைப் பார்த்தார். பாப்பம்மாள் முந்தானையை வாயில் வைத்திருந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார்.

சுகந்தி விடவில்லை. இசைக்கவையைத் தட்டி, அதிர அதிரக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். "என்னமாச்சும் தெரியுதுங்களா?" இல்லை. அதையே கைவிரல் மூட்டில் வைத்ததும் கருணாகரன் துள்ளிவிட்டார். இழையால் கையில் எங்கே தொட்டாலும் "ஆமா, ஆமா" என்று பட்பட்டென்று பதில் வந்தது. சர்க்கரை எப்போதும் நீளமான நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். காலுக்குப் போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளம். "கை இன்னும் நல்லா இருக்குதுங்க. கால்தான்..." என்று சொல்லிக்கொண்டே பாதத்தைத் திருப்பியவர் நிறுத்தினார். இடது குதிகாலின் உள்பக்கம், ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பளபளப்பான தழும்பு.

"இது எப்பப் பட்டதுங்கண்ணா?"

"எதுங்க?" கருணாகரன் குனிந்து தன் காலைப் புதிதாகப் பார்த்தார்.

"போன நோம்பி முடிஞ்சு ரெண்டு மாசம் நீரு வடிஞ்சுட்டே இருந்துதுங்க" என்றார் பாப்பம்மாள். "செருப்புக் கடின்னு நெனச்சு மஞ்சப் பத்துப் போட்டேன்."

அது செருப்புக் கடி இல்லை என்பது சுகந்திக்குப் பார்த்தவுடனே புரிந்தது. குண்டத்தின் நடுவில் நின்று கைகூப்பிய அந்த நேரத்தில் பட்ட தீ. சதை வெந்திருக்கிறது, மனிதருக்குத் தெரியவில்லை. அந்தத் தடவை ஏதோ புண்ணியத்தில் ஆறியிருக்கிறது. இந்தத் தடவை ஆறும் என்று யார் சொல்ல முடியும்? திருவிழாவுக்கு நான்கு வாரம்தான் இருந்தது. சுகந்தி மெதுவாகச் சொன்னார், இது நரம்பு செத்துப்போன அறிகுறி, குண்டம் இறங்கினால் காலே போய்விடக்கூடும் என்று.

கருணாகரன் சிரித்தார். கோபம் வந்தால் சிரிக்கிற சுபாவம் அவருக்கு.

"அது நரம்பு இல்லீங்க சிஸ்டர். அம்மன் குடுத்த குளுமை."

வியாழக்கிழமைகளில் குன்னூரிலிருந்து டாக்டர் ஷண்முகப்ரியா வருவார். அவரும் பார்த்தார். சுத்தியலால் கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார், கால் அசையவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, வேறு காரணம் எதுவும் இல்லையென்று அடுத்த வாரம் உறுதி செய்துகொண்டு, மாத்திரைகளை மாற்றி, நீளமாக எடுத்துச் சொன்னார். குண்டம் கூடவே கூடாது. வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது. கருணாகரன் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் சுகந்தியிடம், "டாக்டரம்மா நல்ல புள்ளைங்க. ஆனா கோயமுத்தூர்க்காரங்க. நம்மூரு அம்மனப் பத்தி அவுங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார்.

பாப்பம்மாள் மரத்தடியில் அழுதுகொண்டிருந்தார். வாசல்படியில் உட்கார்ந்து கருணாகரன் காலணியை மாட்டினார். சுகந்தி பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டார்.

"அண்ணா, மொதல் நாலு வருசம் குண்டம் சுட்டுதுங்களா?"

"சுடாமயா? உசுரு போயிட்டு வந்துச்சுங்க."

"அப்புறம் ஏனுங்க மறுக்கா மறுக்கா எறங்குனீங்க?"

"இதென்ன கேள்விங்க? அந்தச் சூட்டத் தாங்கிக்கறதுதானுங்க அம்மனுக்கு நாம குடுக்கறது. வேற என்ன இருக்குது நம்மகிட்ட?"

"செரிங்க. கடைசி மூணு வருசம் அம்மனுக்கு என்ன குடுத்தீங்க?"

  காலணி வாரை இறுக்கிக்கொண்டிருந்த கருணாகரனின் கை அப்படியே நின்றது. பிறகு எழுந்து, பெண்டாட்டியைக்கூடக் கூப்பிடாமல், சரிவில் இறங்கிப் போய்விட்டார்.

பின்னாலிருந்து இசக்கியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "ஏன் சிஸ்டரு, காலப் பாக்கறதோட நிறுத்திக்கிட வேண்டியதுதான? சாமி காரியத்துல என்னத்துக்கு வாய வைக்கீய? அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தீயளா?"

பார்த்தார். அதுதான் தாங்கவில்லை. ஒரு மனிதர் மூன்று வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை ஒரே கேள்வியில் பிடுங்கிவிட்டோமே என்று சுகந்திக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. இரண்டு ஊசியைத் தப்பான ட்ரேயில் வைத்தார். தரணிதரன் ரசத்தில் உப்பில்லை என்றபோது "எனக்கு மட்டும் இருக்குதாக்கும்" என்று சம்பந்தமில்லாமல் சண்டை பிடித்தார்.

அதற்குப் பிறகு கருணாகரன் டிஸ்பென்சரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுகந்தி பஸ்ஸுக்கு நின்றால் பேக்கரிக்குள் போய் அடுப்பைக் கிளறினார். மாத்திரை வாங்க வந்த பாப்பம்மாள்தான் சேதி கொண்டுவந்தார்.

"பேச்சே இல்லீங்க சிஸ்டர். வர்க்கியத் தொடறதில்லை. டீக்குச் சக்கரை வேண்டாங்கறாரு. சும்மா உக்காந்துட்டு, 'பாப்பா, காலக் கிள்ளு'ங்கறாரு. கிள்ளுனா, 'இன்னும் பலமா'ங்கறாரு. கிள்ளிக் கிள்ளி என்ற வெரலுதான் வலிக்குது போங்க!" என்று சிரிக்க ஆரம்பித்து, பாதியில் மூக்கைச் சிந்தினார்.

"குண்டம்?"

"வெள்ளிக்கெழம காப்புக் கட்டிட்டாருங்க."

காப்புக் கட்டியாயிற்று என்றால் அம்மனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.  கேள்வி கேட்டுப் புண்படுத்தியதுதான் மிச்சம், காலைக் காப்பாற்றவும் முடியவில்லை.

திருவிழாவன்று காலையில் சுகந்தி லீவு போட்டார். சாமி கும்பிடப் போவதாகத் தரணிதரனிடம் சொன்னார். கையில் பூத்தட்டுக்குப் பதிலாகச் சலைன் பாட்டில், பஞ்சு, தீப்புண் மருந்து, பத்துச் சுருள் கட்டுத் துணி அடைத்த பை இருந்தது. குண்டத்தைத் தாண்டி வருகிறவர்கள் கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருந்த குழிக்குப் பக்கத்தில், இடித்துப் பிடித்து, முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியிருந்தும் அவர் குல்லாயைக் கழற்றவில்லை. பின்னால் நின்ற பெண்களுக்கு அது மறைத்தது. சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டடி நீளத்துக்குத் தணல் சிவந்து கிடந்தது. அதன் மேல் காற்று நடுங்கியது. எதிர்ப்பக்கம் மஞ்சள் வேட்டிகள் வரிசையாக வந்து நின்றன. தலைகளும் தோள்களும்தான் தெரிந்தன, கால்கள் தெரியவில்லை. சுகந்தி குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. 'தாயே, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த மனுசனுக்குச் சுடட்டும்' என்று அவர் வேண்டிக்கொண்டார். அம்மனிடம் அப்படி ஒரு வரத்தை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பூசாரி பூச்செண்டை உருட்டிவிட்டார். முதல் ஆள் இறங்கினார். மஞ்சள் வேட்டி தணலில் பாய்ந்து, நாலே எட்டில் தாண்டி, பால் குழியில் தொப்பென்று விழுந்தது. நிமிர்ந்த முகம் மளிகைக் கடைப் பொன்னுத்துரையுடையது.

சுகந்தி திகைத்துப்போனார். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். கருணாகரன் இல்லை. பத்துப் பேர் தாண்டினார்கள், பதினைந்து பேர் தாண்டினார்கள், அவரைக் காணோம். அப்போதுதான் கோயிலின் பக்கவாட்டுப் பாதையில் குலவைச் சத்தம் கேட்டது. பூவோடு எடுத்து வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எரிகிற தீச்சட்டியை வேப்பிலைக் கொத்து வைத்த வெறுங்கைகளில் ஏந்தி வருகிற வேண்டுதல் அது. பெரும்பாலும் பெண்கள் எடுப்பது. அந்தப் பெண்கள் வரிசைக்கு நடுவே, எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, கருணாகரன் வந்துகொண்டிருந்தார்.

இந்த முறை கம்பீரமெல்லாம் இல்லை. சட்டியை வலது கைக்கும் இடது கைக்குமாக மாற்றி மாற்றி, பல்லைக் கடித்து, "ஸ்... ஆ... தாயே..." என்று முனகிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக வந்தார். காலில் பழுப்பு நிறக் கம்பளி சாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. மலைக் கோயிலில் குளிருக்குச் சாக்ஸோடு நிற்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. பின்னால் பாப்பம்மாள், அவர் கால் வைக்கிற இடத்தில் பொறி எதுவும் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

அம்மன் முன்னால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். கூட்டத்தில் யாரையோ தேடினார். குரங்குக் குல்லாய் தென்பட்டதும் நேராக வந்தார். கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.  கருணாகரனுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"சுட்டுதுங்க சிஸ்டர்!" என்றார், மேளச் சத்தத்துக்கு மேலே கத்தி. "நெசமாலுமே சுட்டுப்போடுச்சுங்க!"

சொல்லிவிட்டு, சிவந்து கன்றிப்போன இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினார்.

பையில் தீப்புண் மருந்து இருந்தது, பஞ்சு இருந்தது, பத்துச் சுருள் கட்டுத் துணி இருந்தது. இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்ட சுகந்தி அந்தக் கைகளைப் பிடித்து, குனிந்து, உஃப் உஃப் என்று ஊதினார்.